மறுமொழி: வளர்ச்சிக் குறியீடா, பெருகுசெல் விழுக்காடா?

நண்பர்களுக்கு வணக்கம்.

நிணநீர்ப் புற்றுநோய் (லிம்போமா) அறிக்கைகளில் இடம்பெறும் கி-67 (Ki-67) எண்ணைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற உரையாடலில், 'வளர்ச்சிக் குறியீடு' என அழைக்கலாம் என்று நண்பர் எழுதியிருந்தார்; 'பெருக்க வீதம்', 'தீவிர எண்' என்ற பெயர்களும் முன்வைக்கப்பட்டன. சேலத்தில் திசுநோயியல் ஆய்வகமொன்றில் அந்த எண்ணை அன்றாடம் அறிக்கையில் பதிவு செய்பவன் என்ற முறையில், அச்சொற்களை ஏற்பதற்கு எனக்குத் தயக்கம் உண்டு.

கி-67 என்பது உட்கருவில் காணப்படும் ஒரு புரதம். செல் இரண்டாகப் பிரிவதற்காகக் கடந்து செல்லும் செல் சுழற்சியின் ஜி1, எஸ், ஜி2, எம் கட்டங்களில் அது இருக்கும். சுழற்சியை விட்டு விலகி ஜி0 நிலையில் ஓய்ந்திருக்கும் செல்லில் இராது. எதிர்ப்பொருள் கொண்டு சாயமேற்றிய சிலைடில் நீல உட்கருக்களுக்கிடையே பழுப்பேறியவை நூற்றுக்கு எத்தனை என்று பார்க்கிறோம்; அவ்வளவே. செல் பருத்ததா, கட்டி பெரிதானதா என்பதை இது சொல்வதில்லை. ஆகவே 'வளர்ச்சி' பொருந்தாது.

'பெருக்க வீதம்' என்ற பரிந்துரையிலும் இடர் உண்டு. எங்கள் சேலத்தின் நெசவாளர் பகுதியான அம்மாப்பேட்டையில் ஒரு தெருவின் நூறு தறிகளில் நாற்பது ஓடுகின்றன என எண்ணிச் சொல்லிவிடலாம். ஒரு சேலை நெய்து முடிய எத்தனை நாளாகும் என்பது அந்த எண்ணிக்கைக்குள் இல்லை. கி-67 ஓடும் தறிகளின் கணக்கு, வேகத்தின் கணக்கன்று. (நூற்றுவீதம் என்றே விழுக்காட்டைச் சொல்லும் இலங்கை நண்பர்களுக்கு இந்த மறுப்பு விந்தையாகத் தோன்றலாம்.)

'குறியீடு' என்பதை நான் தவிர்க்க விரும்புவதற்குக் காரணம் வேறு. லிம்போமாவின் ஒரு வகையான மேன்டில் செல் லிம்போமாவில் வயது, அன்றாடச் செயல்திறன், இரத்தத்தில் எல்.டி.எச். என்னும் நொதியின் அளவு, வெள்ளணு எண்ணிக்கை ஆகிய நான்கையும் கூட்டிக் கணிக்கப்படும் 'மிப்பி' என்னும் முன்கணிப்புக் குறியீட்டெண் ஏற்கெனவே உள்ளது; அதனோடு கி-67 எண் 30 விழுக்காட்டை எட்டியதா என்பதையும் சேர்த்துப் பார்க்கும் வழக்கம் பின்னர் வந்தது. ஒரே அறிக்கையில் கூட்டுக் கணிப்பும் அதன் உறுப்பும் 'குறியீடு' என்றே நின்றால் படிப்பவர் எதைப் பற்றிக்கொள்வார்?

'தீவிர எண்' என்பதை முற்றிலும் விலக்க வேண்டும். பர்கிட் லிம்போமா என்னும் வகையில் இந்த எண் ஏறத்தாழ 100. ஆயினும் கடுமையான கீமோதெரபியால் பலர் குணமடைகின்றனர். 'பரவிய பெரிய பி-செல் லிம்போமா' என்னும் மற்றொரு வகையில் இது நோயின் போக்கை எவ்வளவு முன்னுணர்த்துகிறது என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. எண்ணும்போதும் வழுக்கும் இடங்கள் பல. மேன்டில் செல் வகையில் புற்றுச் செல்கள் சூழ்ந்திருக்க, நடுவில் எஞ்சிய இயல்பான முளைமையம் (நிணநீர்க்கணுவில் நல்ல செல்கள் இயல்பாகவே விரைந்து பெருகும் இடம்) அடர்பழுப்பாகத் துருத்தித் தெரியும். அதையும் சேர்த்து எண்ணினால் 20 ஆக இருக்க வேண்டியது 30-ஐத் தாண்டிவிடக்கூடும். இத்தகைய எண்ணுக்குத் தீர்ப்புச் சொல்லும் பெயரைச் சூட்டுவது நோயாளியை வீணாக அச்சுறுத்தும்.

எனவே 'பெருகுசெல் விழுக்காடு' என்பதை முன்வைக்கிறேன். பெருகுசெல் வினைத்தொகை, முக்காலத்துக்கும் பொதுவானது. பிரிந்து முடித்த செல்லிலும் கி-67 உடனே மறையாமல் படிப்படியாகவே குறைவதால், 'பெருகிய' என்ற பொருளும் உள்ளடங்கியிருப்பது நன்மையே.

கி-67 என்ற பெயரை அப்படியே விட்டுவிடலாம். 1983-இல் ஆய்வாளர் கெர்டெஸின் குழுவினர் இந்த எதிர்ப்பொருளை அறிவித்த ஜெர்மனியின் கீல் நகரத்தையும், அதைத் தந்த செல்வழியின் எண்ணையும் குறிப்பது அது.

'செல்' வேண்டாம், 'உயிரணு' வேண்டும் என்போர் 'பெருகுயிரணு' என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கக் கோருகிறேன். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 'செல்' என்றே எழுதுகின்றன; நான் அதிலேயே நிற்கிறேன். மறுப்பிருந்தால் எழுதுங்கள்.