ஏஎஸ்டி: டிவைஸா, ஓபன் சர்ஜரியா? இரண்டு டாக்டர், இரண்டு பதில்

மழைத்துளி:
மகளுக்கு மூன்றரை வயது. இதயத்தின் மேலறைகளுக்கு நடுச்சுவரில் 16 மி.மீ. ஓட்டை, செக்கண்டம் ஏஎஸ்டி. இதயத்தின் வலது பக்கம் வீங்கியிருக்கிறது, இனித் தள்ளிப்போட வேண்டாம் என்பதில் இரண்டு டாக்டர்களும் ஒன்றுதான். ஆனால் முதலாமவர் தொடை ரத்தக்குழாய் வழியாக டிவைஸ் வைத்து அடைக்கலாம் என்றார், அடுத்தவர் ஓட்டையின் கீழ் விளிம்பில் சதை போதாது, நெஞ்சைத் திறந்துதான் ஆக வேண்டும் என்கிறார். தழும்பே இல்லாத வழி இருக்கும்போது எதற்குக் கத்தி என்று வீட்டில் எல்லாரும் டிவைஸ் கட்சி. இவளோ நாள் முழுக்க ஓடிக்கொண்டிருக்கிறாள், பார்த்தால் நோயாளி மாதிரியே இல்லை.

கூழாங்கல்:
என் பையனுக்கு டிவைஸ்தான். மறுநாளே வீட்டுக்கு வந்துவிட்டோம். சிகிச்சையைவிட, அப்புறம் ஆறு மணி நேரம் காலை மடக்காமல் அவனைப் படுக்கவைத்ததுதான் பெரும்பாடு. ஆறு மாதம் ஆஸ்பிரின், அதுவரை பல்லில் கைவைக்கும் முன் ஆன்டிபயாடிக். ஆனால் ஒன்று, அவனுக்கு ஓட்டை சுவரின் நடுவில், சுற்றிலும் நல்ல சதை. டிவைஸ் என்பது நிட்டினால் என்ற உலோகக் கம்பியில் பின்னிய இரண்டு வட்டுகள், சட்டைப் பொத்தான் மாதிரி சுவரை இருபுறமும் கவ்வும். கவ்வ இடம் இல்லாவிட்டால் எங்கே நிற்கும்?

எக்கோக்காரன்:
எக்கோ (இதய ஸ்கேன்) அறையில் வேலை பார்க்கிறேன், டாக்டர் இல்லை. விளிம்பு என்றால் எல்லாம் ஒன்றல்ல. மகாதமனிப் பக்கம் குறைவாக இருந்தாலும் பலருக்கு டிவைஸ் வைக்கிறார்கள். கீழ்ப் பெருஞ்சிரை பக்கம், அதாவது கீழ் விளிம்பு, இல்லையென்றால் கதை வேறு, டிவைஸ் நழுவிப் போக வாய்ப்பு அதிகம், நழுவினால் திட்டமிட்டுச் செய்திருக்க வேண்டிய அறுவையை அவசரமாகச் செய்ய நேரலாம். சிக்கல் என்னவென்றால் அந்தக் கீழ் விளிம்புதான் சாதா எக்கோவில் சரியாகப் பிடிபடாது. உணவுக்குழாய் வழியாகப் பார்க்கும் டீஇஇ எடுத்தார்களா?

வேப்பநிழல்:
எங்கள் பெண்ணுக்கு ஓபன்தான். ஆபரேஷன் அறையின் மூடிய கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்த நேரத்தைப் பற்றி எழுத வரவில்லை, விடுங்கள். இதய-நுரையீரல் இயந்திரத்தில் போட்டு, அவளுடைய இதய உறையிலிருந்தே ஒரு துண்டை எடுத்து ஒட்டுப்போட்டார்கள். அவள் அதிகம் அழுதது வடிகுழாயை உருவும்போது. ஆறாம் நாள் வீடு. மார்பெலும்பு கூடும்வரை ஆறு வாரம் அக்குளில் கைகொடுத்துத் தூக்கக்கூடாது, முதுகுக்கு ஒரு கை, கீழே ஒரு கை கொடுத்து அள்ளி எடுக்க வேண்டும், தாத்தா பாட்டிக்கு இதைப் பழக்குவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. உள்ளே உலோகம் எதுவும் இல்லை என்று எழுத வந்தேன், எலும்பைக் கட்டிய கம்பி இருக்கிறது! சில இடங்களில் வலது அக்குளுக்குக் கீழே சின்னதாக வெட்டியும் செய்கிறார்கள், உங்கள் சர்ஜனிடம் கேட்டுப்பாருங்கள்.

மழைத்துளி:
இப்போதுதான் இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டாவதில் கீழ் விளிம்பு 2 மி.மீ. என்று இருக்கிறது. முதலாவதில் அந்த அளவே எழுதவில்லை. டீஇஇ இதுவரை எடுக்கவில்லை, மயக்க மருந்து கொடுத்துத்தான் எடுக்க வேண்டுமாம், தேதி வாங்கிவிட்டேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.