நீர் மூலக்கூறுக்கு ஹீலியம் மோதல் எண்களை 1.4 ஆல் பெருக்கினால் போதுமா?

சுழல்நிலை:
10 கெல்வின் விண்மீனிடை மேகம் ஒன்றில் நீரின் 557 கிகாஹெர்ட்ஸ் நிறமாலைக் கோட்டை ராடெக்ஸில் (கோட்டின் பிரகாசத்தைக் கணக்கிடும் நிரல்) கணக்கிடுகிறேன். பழைய கோப்பில் ஹீலியம் மோதல் மாறிலிகளை (மோதல்கள் நீரின் சுழற்சி நிலையை எவ்வளவு வேகமாக மாற்றும் என்ற எண்கள்) நிறைக்காக 1.4 ஆல் பெருக்கி ஹைட்ரஜன் என்று வைத்திருக்கிறார்கள். புதியதில் ஹைட்ரஜன் மூலக்கூறின் இரு வகைகளான பாரா (கருச் சுழற்சிகள் எதிரெதிர்), ஆர்த்தோ (ஒரே திசை) என்று தனித்தனிப் பட்டியல். விடை நிறைய மாறுகிறது. எதை நம்புவது?

மோதல்கணக்கு:
பழையதைத் தூக்கிப் போடுங்கள். அந்த 1.4 வெறும் வேகத் திருத்தம். ஒரே வெப்பநிலையில் ஹைட்ரஜன் வேகமாக வந்து மோதும், அவ்வளவுதான். நீருக்கு அதுகூடச் சரியாகப் போட்டால் 1.35. விசை வேறுபடுவதை எந்தப் பெருக்கலும் சரிசெய்யாது.

பாரா ஹைட்ரஜன் தாழ்நிலையில், அதாவது சுழற்சி எண் 0 இல், எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி தெரியும். அதன் நான்முனை (மின்னூட்டம் கோளமாகப் பரவாததால் வரும் மின்புலம்) சராசரியில் மறைந்துவிடும். அதனால் ஓரளவு ஹீலியத்தை ஒத்திருக்கும். ஆர்த்தோவின் தாழ்நிலை எண் 1. அங்கே நான்முனை மறையாது, நீரின் 1.85 டிபை இருமுனையை (ஒரு பக்கம் நேர், மறுபக்கம் எதிர் மின்னூட்டம்) தொலைவிலிருந்தே பிடித்துத் திருப்பிவிடும். குளிரில் மாறிலி ஏறக்குறைய பத்து மடங்கு வரை கூடலாம். கார்பன் மோனாக்சைடுக்கு இருமுனை 0.11 டிபைதான், அங்கே இவ்வளவு வம்பு இல்லை.

சுழல்நிலை:
சரி. மொத்த ஹைட்ரஜன் அடர்த்தியை மட்டும் கொடுத்தால் ராடெக்ஸ் தானாகப் பிரித்துக்கொள்கிறதே, அது போதாதா?

மோதல்கணக்கு:
அங்கேதான் எனக்குக் கோபம் வரும். அது வெப்பச் சமநிலை விகிதத்தை எடுக்கும். நிலைகளுக்கு இடையே 170 கெல்வின் இடைவெளி. 10 கெல்வினில் ஆர்த்தோ கோடியில் சில பங்குதான் தேறும். நிஜ மேகத்தில் அப்படி இல்லை. தூசித் துகள் மேல் ஹைட்ரஜன் ஆர்த்தோவும் பாராவும் 3:1 என்று உருவாகிறது. பிறகு புரோட்டான், மும்மை ஹைட்ரஜன் அயனி இவற்றோடு மோதித்தான் மெல்ல மெல்லப் பாராவாக மாற முடியும்.

ஆர்த்தோ-பாரா விகிதம் 0.1 என்றால், பத்து மடங்கு மாறிலியோடு ஆர்த்தோவின் பங்கு பாராவுக்குச் சமமாகிவிடும். 0.001 என்றால் ஒரு சதவீதம்.

துகள்மேகம்:
557 க்கு இது இன்னும் நேரடியாக அடிக்கும். அதன் மாறுநிலை அடர்த்தி (மோதல் நிலையை இறக்கும் வேகமும் தானாக ஒளி உமிழும் வேகமும் சமமாகும் அடர்த்தி) கன சென்டிமீட்டருக்குப் பத்துக் கோடி வாக்கில், உங்கள் மேகம் அதற்குக் கிட்டேயே வராது. கிளர்ச்சியூட்டிய ஒவ்வொரு மோதலும் கடைசியில் ஒரு ஃபோட்டானாக வெளியேறும். மாறிலி இரட்டித்தால், அதே பிரகாசத்துக்கு நீங்கள் சொல்லும் நீரின் அளவு பாதியாகும். அதனால் இரண்டு அடர்த்தியையும் கையால் கொடுங்கள், 0.001 க்கும் 0.1 க்கும் ஓட்டி, விடையை ஒரு வீச்சாக எழுதுங்கள்.