கூர்ஸ் ஃபீல்டில் அடித்த ரன்னை எவ்வளவு கழிப்பது?

கொழிஞ்சாம்பாறை செந்தில்:
பேஸ்பால்ல கொலராடோ ராக்கீஸ் டீமுக்கு ஆடின லாரி வாக்கர், அந்த டீமோட டென்வர் மைதானமான கூர்ஸ் ஃபீல்டுல அடிச்ச ஆவரேஜ் .381, அதாவது கணக்குல வர்ற ஆயிரம் வாய்ப்புக்கு 381 ஹிட். வெளியூர் மைதானங்கள்ல .278 தானுங்க. சின்னசாமி ஸ்டேடியத்துல மட்டும் சிக்ஸர் பறக்கவிடுற ஆளைப் பார்த்த மாதிரி இருக்குது. ஆனாலும் 2020-ல அவரை ஜாம்பவான்களுக்கான ஹால் ஆஃப் ஃபேம்ல சேர்த்தாங்க, 2024-ல அதே ராக்கீஸ் டாட் ஹெல்டனையும் சேர்த்தாங்க. வெளியூர்க் கணக்கை மட்டும் வெச்சுத் தகுதி பார்த்தாத்தானே நியாயம்?

குப்பம் ரவி:
நியாயம் மாதிரி தெரியும் செந்தில், ஆனா அந்த .278-லயும் டென்வர் கலந்திருக்கு.

டென்வர் கடல் மட்டத்துல இருந்து கிட்டத்தட்ட 1,600 மீட்டர் உயரம். காத்து சுமார் 18 சதவீதம் லேசு. பந்து கூடுதல் தூரம் போறது எல்லாருக்கும் தெரியும். அதே லேசான காத்துல கர்வ் பால், அதாவது சுழன்று வளைஞ்சு கீழே இறங்குற பந்து, சரியா வளையாதுங்கிறதைத்தான் மறந்துடுறோம். சுழலுற பந்து காத்தைத் தள்ளித்தான் வளையணும், அங்கே தள்ள காத்தே கம்மி. ஒரு வாரம் அதைப் பார்த்துப் பழகின பேட்ஸ்மேன் லாஸ் ஏஞ்சலஸ் போனா, அதே பந்து இன்னும் கீழே இறங்கும். மட்டை மேலாகப் போயிடும். கண்ணு பழகுறதுக்குள்ள தொடர் முடிஞ்சு ஊர் திரும்பணும்.

இன்னொண்ணு, லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் வீரரோட வெளியூர்க் கணக்குல டென்வர் ஆட்டங்கள் சேரும். ராக்கீஸ் வீரருக்கு அது சேராது. அவங்க டிவிஷன்ல, அதாவது அடிக்கடி மோதிக்கிற டீம்களோட குழுவுல, அடிக்கடி போற லாஸ் ஏஞ்சலஸ், சான் பிரான்சிஸ்கோ, சான் டியாகோ எல்லாம் பிட்சருக்கு, அதாவது பந்து வீசுறவருக்குச் சாதகமான இடங்கள். இது போதாதுன்னு, சொந்த மண்ணுல எல்லாருமே கொஞ்சம் நல்லா ஆடுவாங்க. வாக்கரோட வெளியூர்க் கணக்கை மத்தவங்க வெளியூர்க் கணக்கோட ஒப்பிடணும். அவங்க மொத்தக் கணக்கோட வெச்சா அவருக்கு மட்டும் அபராதம்.

1997-ல அவர் அடிச்ச 49 ஹோம் ரன்ல (நம்ம சிக்ஸர் மாதிரி வேலி தாண்டுற அடி) 29 வெளியூர்ல வந்தது. அந்த வருஷம்தான் எம்விபி, லீக்கோட மிகச் சிறந்த வீரர் விருது.

நகரி குமார்:
கழிக்கிற முறையைச் சொல்றேன். சொந்த மைதானத்துல ரெண்டு டீமும் சேர்ந்து ஆட்டத்துக்கு எத்தனை ரன், வெளியூர்ல எத்தனை ரன்னு வகுக்கணும். எடுத்துக்காட்டுக்கு 12-ஐ 9-ஆல வகுத்தா 1.33. பாதி ஆட்டம்தான் சொந்த ஊர்ல, அதனால வீரருக்குக் கழிக்க வேண்டியது அந்தக் கூடுதல்ல பாதி, 1.17 சொச்சம். இங்கதான் நிறைய பேர் சறுக்குறது, முழு 33 சதவீதத்தையும் வெட்டிடுவாங்க. ஒரு சீசனை மட்டும் எடுத்தாலும் எண் தாறுமாறா ஆடும், மூணு வருஷமாவது சேர்த்துச் சராசரி பாருங்க. 2002-ல கூர்ஸ்ல பந்தை ஈரப்பதத்துல வைக்கிற பெட்டி வந்ததால, அதுக்கு முன்னும் பின்னும் தனித்தனியா எடுக்கணும். காய்ஞ்ச பந்து மட்டையில பட்டா அதிகமா எகிறும், ஈரம் ஏறினது அவ்வளவு எகிறாது.

பேட்டிங்கை மொத்தமா அளக்கிற ஓபிஎஸ் பிளஸ்ங்கிற எண்ல இந்தக் கழிவு ஏற்கெனவே போட்டாச்சு. 100 சராசரி. வாக்கர் 141, ஹெல்டன் 133. 2009-ல ஹால் ஆஃப் ஃபேம் உள்ளே போன ஜிம் ரைஸ் 128, அவரும் தன்னோட சொந்த மைதானம் பாஸ்டன் ஃபென்வேயில நல்லா லாபம் பார்த்தவர். 141-ஐப் பார்த்துட்டு "ஆனா கூர்ஸ்..."ன்னு இழுத்தா ரெண்டாவது தடவை வரி வசூல் பண்றோம். வாக்கருக்கு அதுபோக ஃபீல்டிங்குக்கான கோல்ட் கிளவ் விருது ஏழு இருக்கு.

கொழிஞ்சாம்பாறை செந்தில்:
அப்போ ஓபிஎஸ் பிளஸ் ஒண்ணே போதுங்களா அண்ணா?

நகரி குமார்:
போதாது. வலது கை, இடது கை எல்லாருக்கும் அதுல ஒரே எண். நியூயார்க்ல இருந்த பழைய போலோ கிரவுண்ட்ஸ் மைதானத்துல வலது மூலை வேலி 258 அடிதான், நடுப்பக்கமோ மகா தூரம். மொத்த ரன் எண்ணிக்கையில அந்த மூலை தெரியாது. இடது கை மெல் ஆட் தன்னோட 511 ஹோம் ரன்ல 323-ஐ அங்கேயே அடிச்சார். அதே ஊர் பழைய யாங்கி ஸ்டேடியத்துல இதுக்கு நேர் எதிர்: இடது-நடுப்பக்கம் அவ்வளவு ஆழம், வலது கை ஜோ டிமாஜியோவுக்கு உள்ளூர்ல 148 ஹோம் ரன், வெளியூர்ல 213. மைதானம் ஆளைப் பார்த்துத்தான் உதவும்.

குப்பம் ரவி:
ஒத்துக்கறேன். கூர்ஸ்லயும் ஹோம் ரன் மட்டும் பார்க்கக்கூடாது. பந்து பறக்கும்னு வேலியைத் தள்ளிப் போட்டாங்க: இடது 347 அடி, நடு 415, வலது 350. அதனால ஃபீல்டர்களுக்கு நடுவுல நிலம் அதிகம். சாதாரண அடியும் ரெண்டு பேஸ் ஓடுற டபுள் ஆகும், ஆவரேஜே வீங்கும்.

ஹெல்டன் விஷயத்துல மட்டும் எனக்குத் தயக்கம். ஃபீல்டிங்ல ஃபர்ஸ்ட் பேஸ்ல நிக்கிறவர்கிட்ட மட்டைதான் முழுக்க எதிர்பார்ப்பு, 133 அந்த இடத்துக்கு வாசப்படி அளவுதான். வெளியூர்ல .287 ஆவரேஜ், .386 ஆன்-பேஸ் (அவுட் ஆகாம பேஸை எட்டுற விகிதம்) வெச்சிருக்கிறதால உள்ளே விடலாம். வாக்கருக்கு இந்த யோசனையே தேவையில்ல. 75 சதவீதம் ஓட்டு வேண்டிய இடத்துல 76.6 வாங்கி, பத்தாவது வருஷம், கடைசி வாய்ப்புல நுழைஞ்சாருன்னா, ஓட்டுப் போட்டவங்க அத்தனை வருஷமும் கழித்ததையே கழிச்சிட்டிருந்தாங்கன்னு அர்த்தம்.