பூனைக்கு இன்சுலின்: மதியம் 52, இரவு 390. டோஸை ஏற்றலாமா?

சாம்பு வீடு (திருச்சி), செவ்வாய் மாலை 4.10

வணக்கம். எங்கள் பூனை சாம்பு. ஆண், கருத்தடை செய்தவன், 9 வயது, 5.8 கிலோ. மூன்று வாரத்துக்கு முன்னால் சர்க்கரை நோய் என்று உறுதியானது. அதற்கு முன் ஒரு மாதமாகவே தண்ணீர்க் கிண்ணம் நிரப்ப நிரப்பக் காலியானது, மண் ட்ரே முழுக்க ஈரக்கட்டி. நன்றாகத் தின்றும் முதுகெலும்பு தெரிய ஆரம்பித்தது. இப்போது பின்னங்கால் குதி தரையில் படும்படி நடக்கிறான்.

டாக்டர் கிளார்ஜின் இன்சுலின் எழுதிக் கொடுத்தார். காலை 7, இரவு 7, வேளைக்கு 1 யூனிட். அப்பாவின் குளுக்கோமீட்டரில் காதில் குத்திப் பார்க்கிறேன்.

ஞாயிறு: காலை 372, மதியம் 61, இரவு 401
திங்கள்: காலை 385, மதியம் 52, இரவு 390

காலை, இரவு இரண்டும் ஊசிக்கு முன்னால் எடுத்தவை. நேற்று மதியம் தள்ளாடினான். சுவரையே வெறித்துப் பார்த்தபடி நின்றான். பயந்துபோய்ப் பால் சோறு வைத்தேன், அவசரமாகத் தின்றான், ஒரு மணி நேரத்தில் தெளிந்துவிட்டான். இரவு 390 பார்த்ததும் மருந்து போதவில்லை என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். டாக்டர் ஊரில் இல்லை, வியாழன்தான் வருவார். ஒன்றை ஒன்றரை ஆக்கலாமா?

கோவைப் பூனையம்மா, மாலை 4.25

தம்பி, ஏற்றாதீர்கள். நான் ஒரு சர்க்கரைப் பூனையை நான்கு வருடம் வளர்த்தவள், அதனால்தான் உடனே எழுதுகிறேன். ஊசிக்கு முன்னால் எடுக்கும் எண், போன ஊசியின் வேகம் அடங்கிய பிறகு சர்க்கரை எங்கே நிற்கிறது என்பதை மட்டும்தான் சொல்லும். டோஸ் சரியா என்று பார்க்க வேண்டியது நடுவில் வரும் அடிமட்ட எண்ணை. உங்கள் பையனுக்கு அது 52. தள்ளாட்டமும் வெறித்த பார்வையும் சர்க்கரை இறங்கியதன் அறிகுறிகள். மருந்து போதவில்லை என்பதற்கு நேர் எதிர்.

முதலில் ஒரு காரியம் செய்யுங்கள். மருந்துப் பாட்டிலையும் ஊசியையும் கையில் எடுங்கள். பாட்டிலில் ஒரு மில்லிக்கு எத்தனை யூனிட் என்று போட்டிருக்கிறது? ஊசியின் மூடி என்ன நிறம்? இதை எழுதும்வரை இன்று இரவு ஊசியைத் தொட வேண்டாம்.

சாம்பு வீடு, மாலை 4.40

பாட்டிலில் 100 ஐ.யூ./மி.லி. என்று இருக்கிறது. ஊசியின் மூடி சிவப்பு, மேலே யூ-40 என்று அச்சடித்திருக்கிறது. கடையில் இன்சுலின் ஊசி என்று கேட்டேன், இதைத்தான் கொடுத்தார்கள்.

மருந்தாளுநர் (ஓய்வு), மாலை 5.05

காரணம் இதுதான் தம்பி. 31 வருடம் மருந்துக் கடையில் நின்றவன், இந்தக் குழப்பத்தை மனிதர்களிடமே பார்த்திருக்கிறேன்.

யூ-40 ஊசியில் ஒரு மில்லியை 40 ஆகப் பிரித்துக் கோடு போட்டிருப்பார்கள். ஒரு கோடு என்றால் 0.025 மி.லி. மருந்தும் 40 யூனிட் பாட்டிலாக இருந்தால் அது சரியாக 1 யூனிட். உங்கள் பாட்டிலிலோ ஒரு மில்லிக்கு 100 யூனிட். அதே 0.025 மில்லியில் 2.5 யூனிட் போய்விடும். டாக்டர் எழுதியது ஒன்று, சாம்புவுக்குப் போனது இரண்டரை. ஒன்றரையாக ஏற்றியிருந்தால் மூன்றே முக்கால் போயிருக்கும்.

நம் நாட்டில் மனிதர்களுக்கான இன்சுலின் பாட்டில்கள் பெரும்பாலும் 40 யூனிட் அளவில்தான் வருகின்றன. அதனால் ஊசி என்று மட்டும் கேட்டால் சிவப்பு மூடிதான் கைக்கு வரும். கிளார்ஜின் 100 யூனிட். அதற்கு ஆரஞ்சு மூடி போட்ட யூ-100 ஊசி வேண்டும். 0.3 மி.லி. அளவில், அரை யூனிட் கோடு உள்ளதாகக் கேளுங்கள். பெரிய ஊசியில் ஒரு யூனிட் என்பது கண்ணுக்கே தெரியாத அளவு. பாட்டிலைக் கையோடு கொண்டுபோய்க் காட்டி வாங்குங்கள்.

சிவப்பு ஊசியிலேயே அரைக்கோட்டுக்கும் கீழே எடுத்தால் போதுமே என்று யாராவது கணக்குச் சொல்வார்கள், கேட்காதீர்கள். தண்ணீர் கலந்து நீர்க்கச் செய்வதும் கூடாது. கிளார்ஜின் அமிலத்தன்மையுள்ள கரைசல். அந்தத் தன்மையை நம்பித்தான் தோலுக்கடியில் மெதுவாக இறங்குகிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். விலங்குகளுக்கென்றே வரும் சில இன்சுலின்கள் 40 யூனிட் அளவில் இருக்கும், அவற்றுக்குச் சிவப்பு மூடிதான் சரி. பாட்டிலில் உள்ள எண்ணும் ஊசியில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கிறதா, அதைத்தான் பார்க்க வேண்டும்.

சாம்பு வீடு, மாலை 5.20

கை நடுங்குகிறது ஐயா. மூன்று வாரமாக இரண்டரை மடங்கு குத்தியிருக்கிறேன், அவன் ஒருமுறைகூடக் கத்தவில்லை. இன்று இரவு என்ன செய்வது? இப்போது பார்த்தேன், 148. சாப்பிடுகிறான், நடக்கிறான்.

கோவைப் பூனையம்மா, மாலை 5.35

ஊசியைத் தேடிப் பார்க்கச் சொன்னதும் பார்த்தீர்களே, அது போதும். இப்போது இரவுக்கு வருவோம்.

டாக்டரை எப்படியாவது போனில் பிடித்து, தவறிய அளவையும் எண்களையும் சொல்லுங்கள். கிடைக்காவிட்டால் வேறொரு கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். அவர்கள் சொல்லும்வரை ஊசி வேண்டாம். ஒரு வேளை ஊசி தவறிச் சர்க்கரை ஏறினால் பூனை தாங்கும். இறங்கினால் சில மணி நேரத்தில் வலிப்பு வரை போகும். எனக்கு என் டாக்டர் முதல் நாளே சொன்னது இது. மருந்து உள்ளே போனதா, ரோமத்தில் வழிந்ததா என்று சந்தேகம் வந்தால்கூட மறுபடி குத்தக் கூடாது என்றார்.

இரவு ஒன்பது, பன்னிரண்டு, மூன்று மணிக்கு எண் பாருங்கள். 60க்குக் கீழே போனால் உடனே சாப்பாடு. சாப்பிட மறுத்தாலோ தள்ளாடினாலோ குளுக்கோஸ் பவுடரைக் குழைத்து அல்லது தேனை விரலில் தொட்டு ஈறில் தடவுங்கள். மயங்கிக் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறும். ஈறில் தடவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

கால்நடை மருத்துவம், இறுதி ஆண்டு (சென்னை), இரவு 8.15

அண்ணா, 52க்குப் பிறகு 390 எப்படி வந்தது என்று குழம்பியிருப்பீர்கள். சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கும்போது உடல் தன்னைக் காத்துக்கொள்ளக் கல்லீரலில் இருக்கும் சேமிப்பை இரத்தத்தில் கொட்டும். அதோடு நீங்கள் கொடுத்த பால் சோறும் சேர்ந்தது. அன்று அது அவனைக் காப்பாற்றியது, அதில் தவறில்லை. ஆனால் தினமும் வைக்கிறீர்களா?

மனிதர்களின் மீட்டர் பூனைக்குக் கொஞ்சம் குறைவாகக் காட்டும். நம் இரத்தத்தில் சிவப்பணுக்களுக்குள்ளும் நிறையச் சர்க்கரை இருக்கும், பூனைக்குப் பெரும்பகுதி இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவில்தான். அதற்காக 52ஐ 70 என்று கூட்டி வாசிக்க வேண்டாம், குறைவு என்றே நடந்துகொள்ளுங்கள். எப்போதும் அதே மீட்டரில் பார்த்தால் போக்கு புரியும்.

இரண்டு கேள்விகள். அரிப்புக்கோ மூச்சு இரைப்புக்கோ ஸ்டீராய்டு ஊசி போட்டீர்களா? இப்போது என்ன சாப்பிடுகிறான்?

சாம்பு வீடு, இரவு 9.10

இன்னொரு டாக்டர் போனில் கிடைத்தார். இரவு ஊசி வேண்டாம், காலையில் சரியான ஊசியில் 1 யூனிட் என்றார். 9 மணிக்கு 231.

ஸ்டீராய்டு உண்டு. தோல் அரிப்புக்குப் போன வருடம் நீண்ட நாள் வேலை செய்யும் ஊசி மூன்று முறை போட்டார்கள். சாப்பாடு: உலர் தீவனம் கிண்ணத்தில் எப்போதும் இருக்கும். இரவு பால் சோறு, அம்மாவின் கையால்தான் தின்பான். காது ஓரம் கறுத்துவிட்டது, குத்தினால் இரத்தமும் வருவதில்லை.

கால்நடை மருத்துவம், இறுதி ஆண்டு, இரவு 9.40

அந்த ஸ்டீராய்டு விவரத்தை வியாழக்கிழமை கட்டாயம் சொல்லுங்கள். பூனைக்குச் சர்க்கரையைத் தூண்டுவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு, மறுபடி போட்டால் இன்சுலின் சரியாக வேலை செய்யாது. ஸ்டீராய்டு விலகி, எடை சரியாகி, சாப்பாடும் மாறினால் சில பூனைகளுக்கு இன்சுலினே தேவைப்படாத நிலை வரும். முதல் ஆறு மாதத்தில் நன்றாகக் கட்டுப்படுத்தினால் அதற்கு வாய்ப்பு அதிகம்.

பூனை இறைச்சி தின்னும் பிராணி. அரிசியும் பாலும் அவனுக்கு வேண்டாம், உலர் தீவனத்திலும் மாவுச்சத்து அதிகம். மாவுச்சத்து குறைந்த ஈர உணவுக்கு மாற்றலாம். வெறும் வேகவைத்த கோழி மட்டும் போதாது, பூனைக்கு அவசியமான டாரின் என்ற சத்தும் கால்சியமும் கிடைக்காது. ஆனால் உணவை மாற்றினால் இன்சுலின் தேவை சட்டென்று குறையும். புது ஊசிக்கு ஒரு வாரம் பழகட்டும், அப்புறம் டாக்டரிடம் கேட்டுச் சிறிது சிறிதாக மாற்றுங்கள். இரண்டையும் ஒரே வாரத்தில் செய்தால் எது எதனால் என்று தெரியாது.

சாப்பிடாமல் வாந்தி எடுத்தாலோ, துவண்டு கிடந்தாலோ, வாயில் அழுகிய பழ வாசனை வந்தாலோ காத்திருக்காதீர்கள். அது கீட்டோன் (உடல் சர்க்கரைக்குப் பதில் கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் அமிலப் பொருள்) இரத்தத்தில் சேர்ந்ததாக இருக்கலாம், வீட்டில் சரிசெய்யக்கூடியது அல்ல.

கோவைப் பூனையம்மா, இரவு 9.55

காதுக்கு: வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை ஒரு நிமிடம் காது மேல் வையுங்கள். ஓரத்தில் மெல்லிய வாசலின் தடவினால் இரத்தம் ரோமத்தில் பரவாமல் முத்துப் போல நிற்கும். பின்னால் பஞ்சை வைத்து, ஓரமாக ஓடும் இரத்தக் குழாய்க்கும் காது விளிம்புக்கும் இடையில் குத்துங்கள். இரு காதையும் மாற்றி மாற்றி. குத்தியதும் பஞ்சால் அழுத்திப் பிடித்தால் கறுக்காது. எண் வந்தாலும் வராவிட்டாலும் தடவிக்கொடுத்து ஒரு துண்டு கோழி. என் பூனை பத்து நாளில் மீட்டர் சத்தம் கேட்டாலே மடிக்கு வந்துவிடுவாள்.

இன்சுலினைக் கழுத்துத் தோலில் மட்டும் போடாதீர்கள், விலாப் பக்கத் தோலில் இடம் மாற்றிப் போடுங்கள். உடல் இன்னும் நன்றாக எடுத்துக்கொள்ளும்.

சாம்பு வீடு, 12 நாள் கழித்து

அக்கா, ஐயா, தங்கச்சி மூவருக்கும் சொல்ல வேண்டும் என்று எழுதுகிறேன். ஆரஞ்சு மூடி ஊசி நான்காவது கடையில்தான் கிடைத்தது. அதே 1 யூனிட். டாக்டர் சொன்னபடி நேற்று இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்தேன்:

காலை 7 - 318
9 - 284
11 - 221
1 - 169
3 - 158
5 - 207
7 - 296

மிதமான இறக்கம், இப்படித்தான் இருக்க வேண்டும், டோஸைத் தொட வேண்டாம் என்றார். ஸ்டீராய்டு விஷயத்தைக் கேட்டுக் கோப்பில் சிவப்பு மையில் எழுதிக்கொண்டார். பால் சோறு நின்றுவிட்டது. அம்மாவுக்குத்தான் கஷ்டமாக இருந்தது, இப்போது ஈர உணவை அவர் கையாலேயே வைக்கிறார். மீதமிருந்த சிவப்பு மூடி ஊசிகளை வீட்டில் வைக்கவே இல்லை, கடையில் திருப்பிக் கொடுத்து விஷயத்தையும் சொல்லிவிட்டேன்.

கால் இன்னும் சரியாகவில்லை, மாதக்கணக்கில் ஆகலாம் என்கிறார் டாக்டர். இன்று காலை சன்னல் திண்டில் ஏறப் பார்த்துப் பாதியில் வழுக்கினான். அம்மா அங்கே ஒரு முக்காலி போட்டுவைத்திருக்கிறார்.