பிரெஞ்சு வார்த்தையை அசை பிரிக்கவா, முன்னொட்டு பிரிக்கவா? உதவுங்க

பாரிஸ்ல மூணாங்கிளாஸ் படிக்கிற பொண்ணோட ஒரு வாரமா மல்லுக்கட்டுறேன். இனுதில் (inutile)ங்கிற வார்த்தையை அசை பிரின்னா கைதட்டி இ-நு-தில்னு சரியா சொல்லிடுறா, முன்னொட்டைப் பிரிக்கச் சொன்னா அதையே எழுதி வைக்கிறா, ஆனா அது இன் + உதில், அதாவது உபயோகமில்லாதது. தே-ஸா-க்ரே-ஆப்ல் (désagréable, இனிமையில்லாதது) வார்த்தையிலயும் அதே கூத்து, அங்க தேஸ் தனியா வரணும். அகராதி பார்த்தாச்சு, அதுல உச்சரிப்பு அசைதான் இருக்கு. ரெண்டு கலர் பேனாவும் பண்ணியாச்சு. முன்னாடி இருக்கறத எடுத்துட்டு மிச்சம் வார்த்தையா இருக்கான்னு பாருன்னேன், உதில், ஆக்ரேஆப்ல் சரியா வந்துச்சு, ஆனா தேஸிஞேவ (சுட்டிக்காட்டுறது) தே + சிஞேன்னு வெட்டிட்டா, சிஞேன்னா கையெழுத்து போடுறதாம்! அவளச் சொல்லிக் குத்தமில்ல.

எது நிஜ முன்னொட்டுன்னு எட்டு வயசுப் பிள்ளை கண்டுபிடிக்க, இதைவிட நம்பகமான வழி என்ன?