ஒரு சிட்டிகை உப்பு போட்ட மோர் நான்கு மணி நேரம் தாங்குமா?

ஏழாம் வார்டு:
எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சென்ற வாரம் ஒரு செய்தி வந்தது. “வெளியூர்ப் பயணமா? வெறும் தண்ணீர் வேண்டாம். ஒரு லிட்டர் நீர்மோரில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் கிளம்பும்முன் குடியுங்கள். நான்கு மணி நேரத்துக்குச் சிறுநீரும் வராது, தாகமும் எடுக்காது” என்பதுதான் செய்தி. என் நாத்தனார் அதை நம்பி, மதுரையிலிருந்து திருச்செந்தூர் கிளம்பும்போது ஒரு லிட்டரையும் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, எட்டயபுரம் வருவதற்குள் இரண்டு முறை காரை நிறுத்தச் சொன்னார். இரண்டாவது முறை நிறுத்திய இடத்தில் கருவேல மரங்களைத் தவிர ஒன்றுமில்லை. அறுபது வயதுப் பெண்மணிக்கு அது எவ்வளவு பெரிய அவமானம் என்பதை இந்தச் செய்தியை எழுதியவர் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்.

ஒரு லிட்டரை மொத்தமாகக் குடித்தால் இரத்தம் சற்று நீர்த்துப்போகிறது. அதை மூளை உடனே கண்டுகொண்டு, நீரைப் பிடித்துவைக்கச் சொல்லும் வாசோபிரெசின் என்ற ஹார்மோனின் சுரப்பைக் குறைத்துவிடுகிறது. அரை மணிக்குள் சிறுநீர் பெருகத் தொடங்கி, ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் உச்சத்துக்கு வந்துவிடும். சிறுநீர்ப்பை 150, 200 மில்லியிலேயே நினைவூட்டத் தொடங்கும். 400, 500 மில்லியில் முட்டிக்கொண்டு வரும். அதே லிட்டரைக் கால் மணிக்கு இரண்டு மடக்காகக் குடித்தால், வெயில் காலத்தில் அதில் கணிசமான பங்கு வியர்வையாகவும் மூச்சாகவும் போய்விடும், பைக்கு வருவது குறையும். இதில் சிட்டிகை உப்புக்கு என்ன வேலை? உலக சுகாதார நிறுவனத்தின் 2002ஆம் ஆண்டு அளவுப்படி வயிற்றுப்போக்கில் நீரிழப்பை ஈடுகட்டக் கொடுக்கும் ஒரு லிட்டர் உப்புச் சர்க்கரைக் கரைசலில் 2.6 கிராம் உப்பும், அதோடு 2.9 கிராம் சோடியம் சிட்ரேட்டும் இருக்கின்றன. சிட்டிகை என்பது அரை கிராம்கூடத் தேறாது.

கும்பகோணம் நடத்துநர்:
செவிலியர் அம்மாவுக்கு வணக்கம். 1986 முதல் 2017 வரை 31 ஆண்டுகள் அரசுப் பேருந்தில் நடத்துநராக வேலை பார்த்தவன் நான். கும்பகோணத்திலிருந்து சென்னைக்கு ஆறேழு மணி நேரம், பண்ருட்டி வழி. மே மாதத்தில் என்ஜின் மூடியின் மேல் கை வைத்தால் கொப்பளித்துவிடும். தூக்குவாளியில் மோர், அதில் கல் உப்பு, கசக்கிய கறிவேப்பிலை. பணிமனையிலிருந்து வண்டி வெளியேறும்போது ஒரு செம்பு குடிப்பேன். விக்கிரவாண்டி வரைக்கும் ஒரு முறைகூட இறங்கியதில்லை. என்னோடு வந்த ஓட்டுநர்கள் வெறும் தண்ணீரைக் குடித்துவிட்டு கோலியனூர்ப் பக்கம் ஓரங்கட்டுவார்கள். இரண்டு பேருக்கும் வெயில் ஒன்றுதான், சாலையும் ஒன்றுதான். வித்தியாசம் உப்பு மட்டும்.

சிட்டிகை அரை கிராம் தேறாது என்று எந்தச் சிட்டிகையை வைத்துச் சொல்கிறீர்கள்? இரண்டு விரலில் எடுப்பதற்குப் பெயர் சிட்டிகை இல்லை, கிள்ளு. மூன்று விரலில் எடுப்பதுதான் சிட்டிகை.

ஏழாம் வார்டு:
ஐயா, உங்கள் அனுபவத்தை நான் மறுக்கவில்லை. நீங்கள் குடித்தது ஒரு செம்பு. செய்தியில் இருப்பது ஒரு லிட்டர். மே மாதம் என்ஜின் பக்கத்தில் நின்று பயணச்சீட்டுக் கொடுத்தவர் சட்டை நனைய வியர்த்திருப்பார், சிறுநீருக்கு மிச்சம் ஏது? அதற்கான பெருமையை உப்புக்குக் கொடுக்கிறீர்கள்.

நீங்கள் கேட்டதற்காகவே சற்றுமுன் மாவு நிறுக்கும் தராசில் தூள் உப்பை மூன்று விரலால் பத்து முறை எடுத்து வைத்தேன். பத்துச் சிட்டிகையும் சேர்ந்து 4 கிராம்.

கும்பகோணம் நடத்துநர்:
தூள் உப்பு! நான் எழுதியதைப் படித்தீர்களா? கல் உப்பு என்று எழுதியிருக்கிறேன். கல் உப்பில் சிட்டிகையின் எடையே வேறு. கத்தரிக்காய்க் கணக்கை வைத்துப் பூசணிக்காய்க்குத் தீர்ப்புச் சொல்கிறீர்கள்.

வைகைக்கரை ஓட்டக்காரன்:
நடத்துநர் ஐயா சொல்வதில் உண்மை இருக்கிறது. உப்பு இல்லாமல் தண்ணீரை மட்டும் ஊற்றிக்கொண்டே இருந்தால் இரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும். 2002 போஸ்டன் மாரத்தானில் ஓடிய 488 பேரின் இரத்தத்தைப் பார்த்ததில் 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. நான் நெடுந்தூரம் ஓடுகிறவன், தண்ணீரை மட்டும் நம்புவதில்லை. கூடவே காப்பியையும் பயணத்தன்று நிறுத்திவிட வேண்டும். குடித்ததற்கு மேல் வெளியே தள்ளிவிடும்.

ஏழாம் வார்டு:
தம்பி, அதே ஆய்வில் அவர்களுக்கு ஆபத்தாக முடிந்தது அளவுக்கு மீறிக் குடித்ததுதான். ஓடியதில் எடை கூடியவர்களுக்கே சோடியம் அதிகமாக இறங்கியது. உப்புக் கலந்த விளையாட்டுப் பானம் குடித்தவர்களும் அதற்குத் தப்பவில்லை.

பானங்களை ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு 2016இல் வந்தது. 13 வகைப் பானங்களை ஒவ்வொன்றும் ஒரு லிட்டர் வீதம் அரை மணி நேரத்தில் குடிக்கவைத்து, நான்கு மணி நேரச் சிறுநீரை அளந்தார்கள். தண்ணீருக்கு ஏறத்தாழ 1300 மில்லி வந்தது; பாலுக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசலுக்கும் ஏறத்தாழ 1050. முன்பே ஒரு அரை லிட்டர் தண்ணீர் குடித்திருந்ததால் கணக்கு லிட்டரைத் தாண்டுகிறது. பாலில் உப்பு, பொட்டாசியம், புரதம், கொழுப்பு எல்லாம் இருப்பதால் வயிற்றிலிருந்து மெதுவாக இறங்குகிறது. ஆகவே பால் தங்குகிறது என்றால் ஒப்புக்கொள்வேன். ஆனால் அதற்கும் 1050 மில்லி வந்திருக்கிறது, கவனியுங்கள். நான்கு மணி நேரத்துக்கு வராது என்பது எந்தப் பானத்துக்கும் பொருந்தாது. காப்பியும் தேநீரும் தண்ணீரிலிருந்து பெரிதாக மாறுபடவில்லை என்பதும் அதே ஆய்வில்தான் இருக்கிறது.

கும்பகோணம் நடத்துநர்:
காப்பியைப் பற்றிச் சொன்னதற்கு மட்டும் நன்றி. எங்கள் ஊர்க்காரன் அதைக் கேட்டால் மகிழ்வான்.

பால் தங்கும் என்று ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். மோர் எதிலிருந்து வந்தது? பாலிலிருந்துதானே? அதில் உப்பும் சேர்ந்தால் பாலைவிட ஒரு படி மேலே நிற்க வேண்டுமா, கீழே நிற்க வேண்டுமா? நம் முன்னோர் இதை ஒரே வரியில் சொல்லிவிட்டார்கள்: “நீர் சுருக்கி, மோர் பெருக்கி, நெய் உருக்கி.” தண்ணீரைச் சுருக்கு, மோரைப் பெருக்கு. இதற்குமேல் என்ன ஆதாரம் வேண்டும்?

தமிழாசான்:
“நீர் கருக்கி” என்பதே பாடம். சித்தர் தேரையர் பெயரில் வழங்கும் பாட்டின் வரி அது. நீரைக் காய்ச்சி வற்றவைத்து என்று பொருள். “மோர் பெருக்கி” என்றால் மோரை நிறையக் குடிப்பதன்று; நீர் விட்டு அளவைப் பெருக்கிக் குடிப்பது. ஆகவே நடத்துநர் ஐயா காட்டும் வரி அவருக்கு எதிராகவே சாட்சி சொல்கிறது. ஒரு பங்கு தயிரில் நான்கு பங்கு நீர் ஊற்றினால் பாலில் உள்ள சத்தில் ஐந்தில் ஒன்றுதான் மிஞ்சும்.

கும்பகோணம் நடத்துநர்:
என் பாட்டி “சுருக்கி” என்றுதான் சொன்னார். அவர் தொண்ணூற்றிரண்டு வயதுவரை வாழ்ந்தார். சென்ற ஆண்டு பதநீர் பற்றிய விவாதத்திலும் இதே ஆசான்தான் நடுவில் புகுந்து எனக்கு ஒற்று மிகும் இடம் சொல்லிக்கொடுத்தார். அதை நான் மறக்கவில்லை. தமிழைத் திருத்துங்கள், என் தூக்குவாளியைத் திருத்த வேண்டாம். மூன்று விரல், கல் உப்பு. அதற்குப் பதில் சொல்லுங்கள்.

தமிழாசான்:
பாட்டியின் வயது பாடபேதத்துக்குச் சான்றாகாது. பதநீர் விவாதத்தில் நான் சுட்டிய பிழை இன்றும் பிழையே.

பட்டுச்சேலைப் பிரிவு:
வழக்கமாகப் படிப்பதோடு நிறுத்திக்கொள்வேன். இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை.

சென்னையில் பெரிய துணிக்கடை ஒன்றில் சேலைப் பிரிவில் நிற்கிறேன். காலை ஒன்பதரைக்கு நின்றால் இரவு ஒன்பதரை. ஊழியர் கழிப்பறை மொட்டைமாடிக்கு ஒரு தளம் கீழே இருக்கிறது. மின்தூக்கி வாடிக்கையாளருக்கு மட்டும். போய்வரப் பத்து நிமிடம் ஆகும், அந்தப் பத்து நிமிடத்தையும் தளப் பொறுப்பாளர் நோட்டில் குறித்துவைப்பார். எனவே நாங்கள் மாலை நான்கு மணிவரை தண்ணீரே குடிப்பதில்லை. பாட்டிலைத் திறந்து உதட்டை நனைத்து மூடிவிடுவோம். இரண்டு ஆண்டில் மூன்று முறை எனக்கு நீர்க்கடுப்பு வந்துவிட்டது. மூன்றாவது முறை காய்ச்சலும் முதுகுவலியும் சேர்ந்து வந்தபோது, இப்படியே விட்டால் சிறுநீரகத்துக்குப் போய்விடும் என்று மருத்துவர் சொன்னார்.

2021இல் எங்களுக்கு உட்காரும் உரிமை கொடுத்துச் சட்டத்தைத் திருத்தினார்கள். நாற்காலி வந்தது. கழிப்பறை கீழே இறங்கி வரவில்லை.

அம்மா, நீங்கள் சொன்ன 2016ஆம் ஆண்டு ஆய்வை என் தம்பி படித்துக்காட்டினான். அளந்து பார்த்த 72 பேரும் ஆண்கள். எங்களைப் போல் மாதவிலக்கு நாளில் பன்னிரண்டு மணி நேரம் நிற்பவர்களை யார் அளந்தார்கள்? இரண்டு விரலா மூன்று விரலா என்று பேசிக்கொண்டிருக்கிறீர்கள். நான் எவ்வளவு குடிப்பது, எப்போது குடிப்பது என்று யாராவது சொல்லுங்கள்.

ஏழாம் வார்டு:
மகளே, நீ சுட்டிக்காட்டியது சரி. அதை நான் குறிப்பிட்டிருக்க வேண்டும். ஆனால் பெண்களை மட்டுமே வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2018இல் வந்திருக்கிறது. அடிக்கடி நீர்க்கடுப்பு வருகிற, குறைவாகத் தண்ணீர் குடிக்கிற 140 பெண்களில் பாதிப்பேரை நாள்தோறும் ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடிக்கச் சொன்னார்கள். ஓராண்டில் அவர்களுக்குச் சராசரியாக 1.7 முறை வந்தது, மற்றவர்களுக்கு 3.2 முறை. ஆகவே குடிக்காமல் இருப்பது உனக்குத் தீர்வாகாது.

காலையில் எழுந்ததும் இரண்டு தம்ளர் குடி. அது வீட்டில் இருக்கும்போதே பெரும்பாலும் வெளியேறிவிடும். கிளம்பும்முன் ஒரு முறை போய்விட்டு வா. கடையில் அரை மணிக்கு இரண்டு மூன்று மடக்கு, அதற்குமேல் வேண்டாம். மதியச் சாப்பாட்டு நேரம் உன்னுடையது. அப்போது ஒரு தம்ளர் குடித்துவிட்டு, சாப்பிட்டு முடித்ததும் மேலே போய்விட்டு வா. சோற்றிலும் ரசத்திலும் தயிரிலும் பூசணி, வெள்ளரியிலும் இருக்கிற நீரும் உடம்புக்கு நீர்தான். இரவில் இரண்டு மூன்று முறை எழுந்திருக்கிறாயா? பகல் முழுவதும் நிற்பவர்களுக்குக் கணுக்காலில் நீர் கோத்துக்கொள்ளும். படுத்ததும் அது இரத்தத்துக்குத் திரும்பிச் சிறுநீராக இறங்கும். வீட்டுக்கு வந்ததும் காலைத் தலையணைமேல் உயர்த்தி ஒரு மணி நேரம் வைத்திரு, படுப்பதற்குமுன் அது இறங்கிவிடும்.

பட்டுச்சேலைப் பிரிவு:
செருப்பு வார் பதிந்த தடம் இரவு பதினொரு மணிவரை மறைவதில்லை, அம்மா. இரவில் மூன்று முறை எழுகிறேன். அது நீரிழிவாக இருக்குமோ என்று பயந்துகொண்டிருந்தேன்.

ஏழாம் வார்டு:
பயத்தோடு இருக்காதே. அரசு மருத்துவமனையில் சர்க்கரையையும் சிறுநீரையும் ஒரு முறை பார்த்துவிடு.

கும்பகோணம் நடத்துநர்:
தங்கச்சியின் துன்பம் எனக்குப் புரிகிறது. என் மகளும் கடையில் நின்றவள்தான். அதனால்தான் சொல்கிறேன்: தண்ணீரை விட்டுவிட்டு, காலையில் ஒரு செம்பு மோரில் ஒரு சிட்டிகை கல் உப்பைப் போட்டுக் குடித்துவிட்டுப் போ.

ஏழாம் வார்டு:
ஐயா, உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். கால் வீங்கியிருக்கிறது என்று சொல்கிற பெண்ணுக்கு உப்பைக் கூட்டச் சொல்லாதீர்கள். உப்பு நீரைப் பிடித்துவைப்பது அந்தக் கணுக்காலிலும்தான். ஒரு நாளைக்கு மொத்தம் 5 கிராமுக்குள் உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. ஊறுகாயும் அப்பளமும் குழம்பும் அதை மதியத்துக்குள் தாண்டிவிடுகின்றன. டயாலிசிஸ் பிரிவில் பன்னிரண்டு ஆண்டுகள் இருந்தவள் நான். இரத்த அழுத்தத்தைக் கவனிக்காமல் விட்டு வந்து படுத்தவர்களை நாள்தோறும் பார்த்திருக்கிறேன்.

வைகைக்கரை ஓட்டக்காரன்:
நடத்துநர் ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும். பயணிகள் கேட்கும் இடத்தில் வண்டியை நிறுத்தியிருந்தால் இந்த விவாதமே தேவைப்பட்டிருக்காது. சாலையோர மோட்டலில்தானே நிறுத்துகிறீர்கள்? அங்கே ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் சாப்பாடு இலவசம்; பயணிக்குக் கழிப்பறைக்கும் கட்டணம், அதுவும் கால் வைக்க முடியாத கழிப்பறை. என் அம்மா அதற்குப் பயந்தே பேருந்தில் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார்.

கும்பகோணம் நடத்துநர்:
தம்பி, வார்த்தையை அளந்து பேசுங்கள். 31 ஆண்டில் ஒரு நாளும் நான் மோட்டலில் இலவசச் சோறு தின்றதில்லை. வீட்டிலிருந்து கட்டுச்சோறு கொண்டுபோனவன். எங்கே நிறுத்துவது என்பது நடத்துநரின் விருப்பம் இல்லை. கர்ப்பிணி ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டபோது நெய்வேலி வளைவு தாண்டி ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தியதற்கு மெமோ வாங்கியவன் நான். அந்தத் தாள் இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. கை நீட்டியவன் என்ற பேச்சை யாரிடமிருந்தும் கேட்கமாட்டேன்.

வைகைக்கரை ஓட்டக்காரன்:
உங்களைச் சொல்லவில்லை. பொதுவாகச் சொன்னேன்.

கும்பகோணம் நடத்துநர்:
பொதுவாகச் சொன்னால் பொதுவாகவே பதில் சொல்கிறேன். மோரைக் குடித்துவிட்டு ஏறிய பயணி யாரும் என்னிடம் வண்டியை நிறுத்தச் சொல்லவில்லை.

பட்டுச்சேலைப் பிரிவு:
எங்கள் தளத்தில் முப்பத்தொரு பெண்கள். தொழிற்சாலைச் சட்டத்தில் 1948லேயே குடிநீருக்கு ஒரு பிரிவு, கழிப்பறைக்கு ஒரு பிரிவு என்று பதினெட்டும் பத்தொன்பதும் அடுத்தடுத்து வைத்திருந்தார்கள் என்று தம்பி சொன்னான். ஒன்று இல்லாமல் மற்றொன்று நடக்காது என்பது அன்றைக்கே தெரிந்திருக்கிறது. நாளை முதல் அம்மா சொன்னபடி மடக்கு மடக்காகக் குடித்துப் பார்க்கிறேன். நோட்டில் குறித்தால் குறிக்கட்டும்.

தமிழாசான்:
“மடக்கு” என்பது இங்கே சரியான சொல். அது நிற்க, “கருக்கி” பற்றி நடத்துநர் ஐயா இன்னும் பதில் சொல்லவில்லை.

கும்பகோணம் நடத்துநர்:
தெருமுனை மளிகைக் கடையின் மின்தராசில் இப்போதுதான் நிறுத்துவிட்டு வந்தேன். கல் உப்பு, மூன்று விரல், கடைக்காரர் முன்னிலையில், ஐந்து சிட்டிகை 6 கிராம். ஒரு சிட்டிகைக்கு 1.2 கிராம். அரை கிராம்கூடத் தேறாது என்று எழுதியவர் இப்போது என்ன சொல்கிறார்?

ஏழாம் வார்டு:
1.2 கிராம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அது 2.6இல் பாதிகூட இல்லை. சர்க்கரையும் சிட்ரேட்டும் அதில் இல்லவே இல்லை. என் நாத்தனார் எட்டயபுரத்துக்குள் இரண்டு முறை இறங்கியதும் மாறப்போவதில்லை.

கும்பகோணம் நடத்துநர்:
உங்கள் நாத்தனார் போட்டது தூள் உப்பா, கல் உப்பா? அதை முதலில் கேட்டுச் சொல்லுங்கள்.