மணவாழ்க்கை முறிந்த பின் மீண்டும் ஸ்டியரிங் பிடிக்கிறேன்: டேங்கரா, பள்ளிப் பேருந்தா, ஏற்காடு எஸ்டேட்டா?

கேள்வி (செவ்வாய்ப்பேட்டையிலிருந்து)

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 41 வயது ஆகிறது. கிளீனராகச் சேர்ந்து, பிறகு 16 ஆண்டுகள் லைன் லாரி ஓட்டியவன். ஆத்தூர்ப் பக்கத்துச் சேகோ ஆலைகளில் ஜவ்வரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு நாக்பூர், இந்தூர் வரை போவதும், திரும்பும்போது நாசிக் வெங்காயமோ கிடைத்த வேறு லோடோ ஏற்றி வருவதுமாகவே அந்த ஆண்டுகள் போயின. 2019-இல் மனைவியின் நகைகளைக் கூட்டுறவு வங்கியில் அடகு வைத்து, மைத்துனர் கொடுத்த பணத்தையும் சேர்த்து, பழைய டாரஸ் லாரி ஒன்றை ஃபைனான்ஸில் வாங்கினோம். வண்டி ஓடியது, ஆனால் டயருக்கும் எஃப்.சி. எனும் வண்டித் தகுதிச் சான்றுக்கும் ட்யூ எனும் கடன் தவணைக்கும் கட்டியது போகக் கையில் எதுவும் நிற்கவில்லை.

வீட்டுச் சண்டைகளை இங்கே விரிக்க விரும்பவில்லை. சென்ற ஆண்டு மனைவி எங்கள் ஒன்பது வயது மகளை அழைத்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போய்விட்டார். வழக்கு குடும்ப நல நீதிமன்றத்தில் இருக்கிறது. மாதத்தின் முதல், மூன்றாம் ஞாயிற்றுக்கிழமைகளில் மகளை வெளியே அழைத்துச் செல்லலாம் என்று இடைக்கால உத்தரவு கிடைத்திருக்கிறது. லாரியை மைத்துனர் எடுத்துக்கொண்டு போய் ஆள் வைத்து ஓட்டுகிறார். நானும் வெறுத்துப்போய் விட்டுவிட்டேன். அதன் பிறகு பத்து மாதங்கள் வேலைக்குப் போகவில்லை. சில மாதங்கள் குடித்தேன், இப்போது நிறுத்தியிருக்கிறேன். இதற்கிடையில் என் ஓட்டுநர் உரிமம் காலாவதியாகி எட்டு மாதங்கள் ஆகிவிட்டன.

இப்போது மூன்று வேலைகள் தெரிகின்றன. சங்ககிரியில் பெட்ரோல் டேங்கர் ஓட்டினால் மாதம் 28,000 ரூபாயும் பேட்டாவும் தருவதாகச் சொல்கிறார்கள். சேலத்தில் ஒரு பள்ளிப் பேருந்துக்கு 16,000 ரூபாய். ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட் லாரிக்கு 17,000 ரூபாயும் தங்க அறையும் உண்டு. கடன் இருப்பதால் மனம் டேங்கர் பக்கமே சாய்கிறது. அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி 1 (சங்ககிரியிலிருந்து, டேங்கர் ஓட்டுநர்)

தம்பி, முதலில் உரிமத்தைப் பாருங்கள். 2019-இல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, போக்குவரத்து வாகனங்களுக்கான உரிமம் மூன்று ஆண்டுகளுக்குப் பதிலாக ஐந்து ஆண்டுகள் செல்லும். காலாவதியான நாளிலிருந்து ஓர் ஆண்டுக்குள் விண்ணப்பித்தால், படிவம் 1ஏ மருத்துவச் சான்றோடு புதுப்பித்துக்கொள்ளலாம். ஓர் ஆண்டு தாண்டிவிட்டால் மறுபடியும் ஓட்டிக் காட்டித் தேர்ச்சி பெற வேண்டும். உங்களுக்கு இன்னும் நான்கு மாதங்களே இருக்கின்றன. உரிமத்தில் பழைய வீட்டு முகவரி இருந்தால், கையோடு அதையும் மாற்றிவிடுங்கள்.

டேங்கருக்கு இது மட்டும் போதாது. அபாயகரமான பொருட்களை ஏற்றும் வண்டி என்பதால் மூன்று நாள் பயிற்சி முடித்து, உரிமத்தில் தனியாகப் பதிவு செய்ய வேண்டும்; அது மூன்று ஆண்டுகள் செல்லும். சம்பளம் நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் கிடங்கில் வண்டி எந்த நேரத்தில் நிரம்பும், பெட்ரோல் பங்கில் எப்போது இறக்குவார்கள் என்பது நம் கையில் இல்லை. என் தங்கை திருமணத்துக்கே தாலி கட்டிய பிறகுதான் நான் போய்ச் சேர்ந்தேன்.

மறுமொழி 2 (சீலநாயக்கன்பட்டியிலிருந்து, லாரி புக்கிங் அலுவலகம் நடத்துபவர்)

நீங்கள் மூன்று வேலைகளைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு நீங்கள் எழுதாமல் விட்டது கண்ணில் படுகிறது. அந்த டாரஸின் ஆர்.சி., அதாவது பதிவுச் சான்று, யார் பெயரில் இருக்கிறது? உங்கள் பெயரில் இருந்தால், லாரி உங்களை விட்டுப் போகவில்லை. அதனால் வரும் வருமானம் மட்டுமே போயிருக்கிறது. வண்டியைக் கைமாற்றிவிட்டாலும், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்றும், விபத்து இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்றும் உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்திருக்கிறது. இன்றிரவு தொப்பூர் இறக்கத்தில் அந்த வண்டி பிரேக் பிடிக்காமல் யார் மீதாவது மோதி, அப்போது இன்சூரன்ஸும் முடிந்திருந்தால், நீங்கள் பள்ளிப் பேருந்து ஓட்டிச் சம்பாதிக்கும் 16,000 ரூபாயைத் தேடித்தான் நோட்டீஸ் வரும். ட்யூ நின்றாலும் ஃபைனான்ஸ்காரர் உங்களைத்தான் தேடுவார்.

ஆகவே மைத்துனர் வண்டியை வைத்துக்கொள்வதாக இருந்தால், படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்திட்டு, ஃபைனான்ஸ் நிறுவனத்தின் ஒப்புதலோடு பெயரை மாற்றிக் கொடுங்கள். அவர் மறுத்தால், அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகிச் சமரசத்துக்குக் கேளுங்கள். மணவழக்கும் லாரிக் கணக்கும் வேறு வேறு என்றாலும், ஒரே மேசையில் பேசினால் இரண்டும் விரைவாக முடிவதை நான் பார்த்திருக்கிறேன். வெற்றுப் படிவத்தில் மட்டும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடாதீர்கள். எங்கள் தொழிலில் அந்தப் பழக்கத்தால் கெட்டவர்கள் ஏராளம்.

மறுமொழி 3 (வாழப்பாடியிலிருந்து)

அண்ணா, என் கணவரும் லைன் ஓட்டுநர்தான் என்பதால் எழுதுகிறேன். வீட்டில் ஒரு வார்த்தை தடித்தால், மறுநாளே லோடு கிடைத்துவிட்டது என்று கிளம்பிவிடுவார். பன்னிரண்டு நாட்கள் கழித்து வரும்போது அவருக்குச் சண்டை மறந்திருக்கும். எனக்கு அந்தப் பன்னிரண்டு நாட்களும் அதே சண்டைதான். உங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் கடனைக் காரணம் காட்டி மறுபடியும் ஊர் தாண்டும் வண்டியில் ஏறப் பார்க்கிறீர்களே, அது கடனுக்காகத்தானா என்று மட்டும் யோசித்துப் பாருங்கள்.

அடகு வைத்த நகை அவருடையது. வழக்கு எப்படி முடிந்தாலும் அது அவருக்குத்தான் திரும்ப வேண்டும். அசலை இப்போது கட்ட முடியாவிட்டாலும், வட்டியைக் கட்டி ஏலத்துக்குப் போகாமல் காப்பாற்றுங்கள். பள்ளிப் பேருந்துச் சம்பளம் குறைவுதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமையை யாரும் உங்களிடம் கேட்க மாட்டார்கள். மே மாதச் சம்பளம் உண்டா என்று சேரும்போதே கேட்டுக்கொள்ளுங்கள், சில பள்ளிகளில் தருவதில்லை.

மறுமொழி 4 (ஏற்காட்டிலிருந்து, எஸ்டேட் லாரி ஓட்டுநர்)

மலைக்கு வர நினைப்பவருக்கு இரண்டு விஷயங்கள் சொல்ல வேண்டும். அடிவாரத்திலிருந்து மேலே வரும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. லைனில் பழகியவர்கள் டீசல் மிச்சம் பிடிப்பதற்காக இறக்கத்தில் நியூட்ரலில் விடுவார்கள். இங்கே அந்தப் பழக்கத்தோடு ஒரு வாரம் தாங்க முடியாது. எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் லைனர் சூடாகிப் பிடிப்பு விட்டுவிடும். எஸ்டேட்டில் ஆட்களை லாரியின் பின்னால் ஏற்றிக்கொண்டு போகச் சொன்னால், அது சரக்கு வண்டி என்று சொல்லி மறுத்துவிடுங்கள்.

இரண்டாவது, அந்த அறை. காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் ஞாயிறும் வேலை இருக்கும். பிறகு மிளகு, உரம், சில்வர் ஓக் மரம் என்று லோடு குறைந்துவிடும். அப்போது மாலை ஆறு மணிக்கே மூடுபனி இறங்கி, தனி அறையில் பேச ஆளில்லாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். குடியை நிறுத்தியிருப்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் அந்தக் கதை உண்டு என்பதால் சொல்கிறேன், மழைக்காலத்து மலை அறையில் அது மிகவும் கடினம். வருவதென்றால் அடிவாரத்தில் வீடு பிடித்துத் தினமும் ஏறி இறங்குங்கள். முதல், மூன்றாம் ஞாயிறுகளில் விடுப்பு என்று எழுதி வாங்கிய பிறகு சேருங்கள்.

கேட்டவரின் பதில்

எல்லோருக்கும் நன்றி. ஆர்.சி. என் பெயரில்தான் இருக்கிறது. இன்சூரன்ஸ் அடுத்த மாதம் 11-ஆம் தேதியோடு முடிகிறது என்பதை இன்று காலைதான் பார்த்தேன். இரண்டு மணி நேரம் எதுவும் ஓடவில்லை. பிறகு மைத்துனரைத் தொலைபேசியில் அழைத்தேன். பெயர் மாற்றத்துக்குச் சம்மதம் என்றார். ஆனால் ட்யூ பாக்கியில் பாதியை நான் ஏற்க வேண்டும் என்கிறார். அதைச் சமரச மையத்தில் பேசிக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறேன். மருத்துவச் சான்று வாங்கிவிட்டேன். நகைக்கு வட்டி கட்ட என் கைக்கடிகாரத்தையும் பழைய பைக்கையும் விற்க ஆள் பார்த்திருக்கிறேன்.

வாழப்பாடித் தங்கை கேட்ட கேள்விக்கு இங்கே பதில் எழுத முடியவில்லை. டேங்கருக்கு மட்டும் வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

வருகிற ஞாயிறு மகளைக் குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவுக்கு அழைத்துப் போகிறேன். அடிவாரம் பக்கத்தில்தான் என்பதால், அப்படியே எஸ்டேட் மேலாளரையும் பார்த்துவிட்டு வரலாம் என்று முதலில் நினைத்தேன். அதைத் திங்கட்கிழமைக்கு மாற்றிக்கொண்டேன். பள்ளித் தாளாளரையும் அன்றே பார்க்கிறேன்.